மூன்றாம் எண்ணின் வாக்கு: பெர்ல் மொழியின் பதிப்பெண் வரலாறு

தமிழ்ச் சொல்லடைவு ஒன்றைத் தொகுத்தபோது நேர்ந்த குழப்பமே இக்கட்டுரைக்குக் காரணம். ஒரு பனுவலில் எந்தச் சொல் எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பட்டியலிடும் சிறு நிரல் ஒன்று என்னிடம் இருந்தது. எனக்கு முன்பு ஆய்வு செய்த ஒருவர் பெர்ல் மொழியில் எழுதியது. பழைய கணினியில் எத்தனை முறை இயக்கினாலும் அது ஒரே பட்டியலைத் தந்தது. புதிய கணினிக்கு மாற்றிய பின்னர் ஒவ்வொரு முறையும் வெவ்வேறு வரிசையில் தரத் தொடங்கியது. எண்ணிக்கைகள் மாறவில்லை; சம எண்ணிக்கை கொண்ட சொற்கள் மட்டும் முன்னும் பின்னுமாக இடம் மாறின. பிற்சேர்க்கைக்கு நான் இட்டிருந்த தலைப்பு ‘முதல் ஐந்நூறு சொற்கள்’. ஐந்நூறாவது இடத்தில் எந்தச் சொல் நிற்கும் என்பது நிரலை இயக்கிய வேளையைப் பொறுத்தது என்றால், அந்தப் பிற்சேர்க்கையை எந்த முகத்தோடு நெறியாளர் முன் வைப்பது?

இரு கணினிகளிலும் இருந்த பெர்லின் பதிப்பெண்களைப் பார்த்தேன். பழையதில் 5.8.8, புதியதில் 5.30.0. முதல் எண் இரண்டிலும் ஐந்துதான். ஆகவே மொழி ஒன்றே என்று எண்ணியிருந்தேன். இந்த எண்கள் எவ்வாறு தோன்றின, இவற்றுள் எந்த எண் எதனைச் சொல்கிறது என்று தேடியபோது கிடைத்த வரலாறு, மொழியியல் படித்த எனக்கு வேற்றாள் வீட்டுக் கதையாகத் தோன்றவில்லை. பெர்லை உருவாக்கிய லாரி வாலும் மொழியியல் பயின்றவரே. எழுத்து வடிவம் இல்லாத ஒரு மொழியைக் கண்டறிந்து அதற்கு எழுத்து முறை அமைத்துத் தரவேண்டும் என்பது அவருக்கும் அவர் மனைவிக்கும் இருந்த இளமைக்கால எண்ணம். அது நிறைவேறவில்லை. 1987 டிசம்பர் 18 அன்று அவர் வெளியிட்டது கணினிக்கான ஒரு மொழி. உரைகளைப் பிரிக்கவும் தேடவும் தொகுக்கவும் வல்ல, ஸ்கிரிப்டிங் மொழி என்னும் வகையைச் சேர்ந்த மொழி.

பதிப்பெண்ணின் கதை அதற்கும் இரண்டாண்டுகள் முன்னரே தொடங்குகிறது. 1985 மே மாதத்தில் லாரி வால் ‘பேட்ச்’ என்றொரு நிரலை வெளியிட்டார். பேட்ச் என்றால் ஒட்டு. கிழிந்த துணிக்குப் போடுகிறோமே, அதுதான். துளையிட்ட காகித நாடாக்களில் நிரல் எழுதிய காலத்தில், தவறான துளையின்மீது மெய்யாகவே காகிதத் துண்டை ஒட்டித் திருத்தினர். அந்த வழக்கிலிருந்து வந்த சொல் இது.

பழைய தமிழ் நூல்களின் இறுதியில் ‘பிழையும் திருத்தமும்’ என்றொரு பக்கம் இருக்கும். பக்கம், வரி, பிழை, திருத்தம் என நான்கு பத்திகள். நூல் முழுவதையும் மீண்டும் அச்சிடாமல் அந்த ஒரு பக்கத்தை மட்டும் சேர்த்துவிடுவார்கள். வாசகர் எழுதுகோலை எடுத்துத் தம் படியைத் தாமே திருத்திக்கொள்ள வேண்டும். பேட்ச் செய்வதும் இதே வேலைதான். அக்காலத்தில் நிரல்கள் யூஸ்நெட் என்னும் செய்தி வலைப்பின்னல் வழியாக, பெரும்பாலும் மெதுவான தொலைபேசி இணைப்புகளில் பயணம் செய்தன. பெரிய நிரலொன்றில் ஐந்து வரி மாறினால், அந்த ஐந்து வரி மாற்றத்தை மட்டும் அனுப்புவதே அறிவுடைமை. இரு கோப்புகளுக்கிடையே உள்ள வேறுபாட்டைப் பட்டியலிடும் ‘டிஃப்’ என்னும் கருவி யூனிக்ஸில் முன்பே இருந்தது. அந்தப் பட்டியலைப் படித்து, பெறுபவரின் கோப்பில் திருத்தங்களைத் தானே செய்துமுடிக்கும் கருவியை வால் எழுதினார்.

அதில் ஒரு நுட்பம் உண்டு. அச்சு நூலின் பிழைதிருத்தப் பட்டியல் பக்க எண்ணையும் வரி எண்ணையும் நம்பி நிற்பது. மறுபதிப்பில் பக்கங்கள் நகர்ந்துவிட்டால் அப்பட்டியலால் பயனில்லை. பேட்ச் வரி எண்ணை மட்டும் நம்புவதில்லை. திருத்த வேண்டிய வரிக்கு மேலும் கீழும் உள்ள சில வரிகளையும் ஒப்பிட்டுப் பார்க்கிறது. பெறுபவர் தம் படியில் சொந்தமாகச் சில மாற்றங்கள் செய்து, வரிகள் நகர்ந்திருந்தாலும், சூழலைக் கொண்டு உரிய இடத்தைக் கண்டுபிடித்துவிடும். சிதைந்த ஏட்டில் ஒரு சொல்லின் இடத்தை முன்பின் சொற்களைக் கொண்டு உறுதிசெய்யும் பதிப்பாசிரியரின் முறையும் இதுவே.

ஒட்டுகளை வரிசை தவறிப் போட முடியாது. மூன்றாவது ஒட்டு, இரண்டாவது ஒட்டு போட்ட துணியைக் கருதித் தைக்கப்பட்டது. ஆகவே எந்த ஒட்டு வரை போட்டாயிற்று என்று எங்கேனும் குறித்து வைக்க வேண்டும். ‘பேட்ச்லெவல்’ என்னும் சிறு கோப்பில் ஓர் எண்ணை வைக்கும் வழக்கம் அதற்காகவே பயன்பட்டது. ஒவ்வோர் ஒட்டும் அந்த எண்ணை ஒன்று கூட்டும். பெர்லின் நான்காம் பதிப்பு 1993இல் 4.036 என்ற எண்ணோடு முடிந்தது. நான்காம் பதிப்பு, முப்பத்தாறாம் ஒட்டு என்பதே அதன் பொருள். பதிப்பெண்ணின் கடைசிப் பகுதி தொடக்கத்தில் வெறும் ஒட்டுக்கணக்காகவே இருந்தது.

முதல் எண்ணுக்கும் அப்போது கண்டிப்பான இலக்கணம் ஒன்றும் இல்லை. 1991இல் பெர்ல் 3, பெர்ல் 4 ஆனது மொழி பெரிதும் மாறியதனால் அன்று. அவ்வாண்டு வெளிவந்த, ஒட்டகப் படம் போட்ட அட்டையால் ‘ஒட்டகப் புத்தகம்’ என்று பெயர்பெற்ற கையேடு, மொழியின் எந்த நிலையை விளக்குகிறது என்று அடையாளம் காட்டவே எண் மாற்றப்பட்டது. அச்சு நூலுக்கும் மென்பொருளுக்கும் தமிழில் ‘பதிப்பு’ என்னும் ஒரே சொல்லை வழங்குகிறோம். பெர்ல் 4ஐப் பொறுத்தவரை அச்சொல் இரு பொருளிலும் பொருந்துகிறது.

1994 அக்டோபரில் பெர்ல் 5 வந்தது. பிறர் எழுதிய தொகுதிகளை எளிதில் இணைத்துக்கொள்ளும் வசதி அதில் இருந்ததால், உலகின் பல மூலைகளிலிருந்தும் எழுதுவோர் பெருகினர். ஒருவரே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் காலம் போயிற்று. திருத்தங்களைச் சேர்க்கும் உரிமை ஒரு நேரத்தில் ஒருவரிடமே இருக்கவேண்டும் என்னும் ஏற்பாடு உருவாயிற்று. அவ்வுரிமைக்கு வேடிக்கையாக ‘பூசணி’ என்று பெயர். ஓர் அலுவலகத்தில் பல கணினிகளுக்கும் சேர்த்துப் படியெடுக்க ஒரே டேப் இயந்திரம் இருந்ததாம். பஞ்சடைத்த பூசணிப் பொம்மை யார் கையில் இருக்கிறதோ அவர் மட்டுமே அதைப் பயன்படுத்தலாம் என்று விதி வைத்திருந்தார்களாம். அந்தக் கதையிலிருந்து வந்த பெயர். பூசணியை வைத்திருப்பவர் ‘பம்ப்கிங்’, அதாவது பூசணி மன்னர்.

1998 ஜூலையில் 5.005 பதிப்பையும் 2000 மார்ச்சில் 5.6.0 பதிப்பையும் வெளியிட்ட பூசணி மன்னரின் பெயர் குருசாமி சாரதி. தமிழ்க் காதுக்கு இவ்வளவு நெருக்கமான ஒரு பெயர் இவ்வரலாற்றின் திருப்புமுனையில் நிற்பது நம்மிடையே அதிகம் பேசப்படாத செய்தி. விண்டோஸ் இயங்குதளத்தில் பெர்ல் நிலைபெற்றதிலும் அவருடைய பங்கு பெரிது. ஆனால் நம் பொருளுக்கு வேண்டியது, அவர் வெளியிட்ட அவ்விரு எண்களுக்கிடையே உள்ள வேறுபாடு.

5.005 என்பது தசம எண். ஐந்துக்கு அப்பால் ஆயிரத்தில் ஐந்து பங்கு. அதற்குப் போடும் சிறு ஒட்டுகளைக் காட்ட அடிக்கோடிட்டு 5.005_03 என்று எழுதினர். 5.6.0இலோ இரண்டு புள்ளிகள் உள்ளன. இரண்டு புள்ளி வந்ததும் அது தசம எண்ணாக இருக்க முடியாது; மூன்று தனி எண்களின் வரிசையாகிறது. இங்கே புள்ளி பின்னத்தைத் தொடங்கும் குறியாக இல்லை, பிரிக்கும் குறியாக இருக்கிறது. ஒரே எழுத்து, வேறு இலக்கணம்.

கோலார் தங்கவயலில் வளர்ந்தவர்களுக்கு இந்த இரண்டாம் இலக்கணம் புதிதன்று. எங்கள் ஊர்ச் சுரங்கங்களில் பூமிக்கடியில் அடுக்கடுக்காக வெட்டிச் சென்ற தளங்களை ‘லெவல்’ என்பர். மேலிருந்து கீழாக எண் கொடுத்து, எத்தனையாவது லெவலில் வேலை என்று பேசிக்கொள்வார்கள். ஒன்பதாம் லெவலுக்குக் கீழேதான் பத்தாம் லெவல். பத்து என்பதில் ஒன்று முதலில் வருவதால் அது ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் இருக்கும் என்று எந்தத் தொழிலாளியும் நினைத்ததில்லை. கணினி அப்படி நினைக்கும். தசமமாகப் படித்தால் 5.10 என்பது 5.1க்குச் சமம், 5.6ஐவிடச் சிறியது. எனவே பழைய நிரல்களும் குழம்பாதிருக்க, ஒவ்வொரு பகுதிக்கும் மூன்று இலக்கம் ஒதுக்கி, 5.6.0 என்பதை உள்ளே 5.006000 என்றும், 5.10.0 என்பதை 5.010000 என்றும் வைத்துக்கொள்ளும் ஏற்பாட்டைப் பெர்ல் கைக்கொண்டது. இன்றும் ஒருவர் தம் நிரலின் தலையில் ‘5.10 வேண்டும்’ என்று தசமமாக எழுதிவிட்டால், நூறாம் பதிப்பைக் கேட்பதாகப் பெர்ல் புரிந்துகொண்டு, 5.10.0ஐத்தான் சொன்னீர்களா என்று திருப்பிக் கேட்கும்.

இச்சிக்கல் பெர்லுக்கு மட்டும் உரியதன்று. பைதான் 2.7.9க்குப் பின் 2015இல் 2.7.10 வந்தது, 3.9க்குப் பின் 2021இல் 3.10 வந்தது. முதல் மூன்று எழுத்துகளை மட்டும் வெட்டிப் படித்த நிரல்களுக்கு 3.10 என்பது 3.1 ஆகத் தெரிந்தது.

5.6.0இலிருந்து மற்றொரு மரபும் நிலைபெற்றது. நடு எண் இரட்டைப்படையாயின் அது பொதுப் பயன்பாட்டுக்கான நிலைத்த பதிப்பு. ஒற்றைப்படையாயின் சோதனைப் பதிப்பு. 5.7இல் சோதித்தது 5.8 ஆகும், 5.9இல் சோதித்தது 5.10 ஆகும். மூன்றாம் எண் நிலைத்த பதிப்புக்குப் போடும் ஒட்டுகளின் கணக்கு. ஆனால் அது வெறும் கணக்காக மட்டும் நிற்கவில்லை. 5.8.0 வைத்திருக்கும் ஒருவரிடம் 5.8.1ஐக் கொடுக்கும்போது, ‘நேற்று ஓடியது இன்றும் ஓடும், பிழைகள் மட்டுமே நீங்கியிருக்கும்’ என்றொரு உறுதியும் சேர்ந்தே கொடுக்கப்படுகிறது. வாக்களித்தல், பெயரிடுதல் போன்றவற்றில் சொல்வதே செயலாகிறது என்று ஜே. எல். ஆஸ்டின் விளக்கியதை மொழியியல் மாணவர்கள் முதலாண்டிலேயே படிப்பர். மூன்றாம் எண்ணை ஒன்று கூட்டுவது அத்தகைய செயல். அது ஒரு வாக்கு.

அந்த வாக்குக்கு நேர்ந்த சோதனை தமிழ் உரைகளோடு வேலை செய்வோர் அறியவேண்டியது. 2002 ஜூலையில் வந்த 5.8.0 ஒருங்குறியை முழுமையாகக் கையாள முயன்ற பதிப்பு. ‘தமிழ்’ என்னும் சொல்லைக் கணினி யூ.டி.எஃப்.-8 முறையில் 15 பைட்டுகளாகச் சேமிக்கிறது. அவற்றை ஒருங்குறிக் குறிகளாகப் படித்தால் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து. பள்ளிப் பிள்ளையைக் கேட்டால் எழுத்து மூன்று. கணினியின் மொழிச் சூழல் யூ.டி.எஃப்.-8 என்றிருந்தால், கோப்புகளையும் அவ்வாறே படிக்கவேண்டும் என்று 5.8.0 தானாக முடிவுசெய்தது. தமிழுக்கு அது நன்மையாகத் தோன்றும். ஆனால் அதே வேளையில் சில லினக்ஸ் வெளியீடுகள் யூ.டி.எஃப்.-8ஐ இயல்பான சூழலாக்கத் தொடங்கியிருந்தன. படங்களையும் பிற பைட்டுத் தரவுகளையும் படித்துவந்த பழைய நிரல்கள், ஒரு வரிகூட மாற்றப்படாமலே பிழைபடத் தொடங்கின. 2003 செப்டம்பரில் வந்த 5.8.1 அந்தத் தானியங்கு முடிவைக் கைவிட்டது. வேண்டுவோர் வெளிப்படையாகக் கேட்டுப் பெறவேண்டும் என்றாயிற்று. விளைவு என்ன? அத்தகைய கணினியில், கோப்பிலிருந்து படித்த ‘தமிழ்’ என்னும் சொல்லின் நீளத்தை 5.8.0 ஐந்து என்றது. அதே நிரலுக்கு 5.8.1 பதினைந்து என்று விடை சொன்னது. மாறியது மூன்றாம் எண் மட்டுமே.

அதே 5.8.1இல் இன்னொரு மாற்றமும் இருந்தது. என் சொல்லடைவின் வேர் அதில்தான் இருக்கிறது. பெர்லில் ‘ஹேஷ்’ என்னும் தரவமைப்பு உண்டு. சொல்லைக் கொடுத்தால் அதற்குரிய மதிப்பைத் தரும் அகராதி போன்றது. சொற்களை அது ஒரு கணக்கின்படிப் பல பெட்டிகளில் பிரித்து வைக்கும்; ஆதலால் தேடுவது விரைவு. 2003இல் ரைஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிராஸ்பி, வாலக் இருவரும், அந்தக் கணக்கை முன்கூட்டியே அறிந்தவர் எல்லாச் சொற்களும் ஒரே பெட்டியில் விழுமாறு தேர்ந்து அனுப்பி, ஒரு சேவைக் கணினியையே முடக்கிவிடலாம் என்று காட்டினர். இதைத் தடுக்க 5.8.1 பெட்டிக் கணக்கில் தற்செயல் எண் ஒன்றைச் சேர்த்தது.

நோக்கம் நல்லது, ஆனால் வாக்கு ஓரிடத்தில் முறிந்தது. 5.8.0க்காக முன்பே தொகுத்து வைத்த சில சி மொழித் துணைத்தொகுதிகள் பழைய கணக்கைத் தம்முள் பதித்து வைத்திருந்தன. அவையும் புதிய பெர்லும் ஒரே சொல்லை வெவ்வேறு பெட்டிகளில் தேடின. மூலநிரலை மீண்டும் தொகுத்தால் சரியாகும். ஆனால் ஒட்டுப் பதிப்பை நிறுவுபவர் எல்லாவற்றையும் மீண்டும் தொகுக்க வேண்டியிருக்கும் என்று எதிர்பார்ப்பதில்லை. இரண்டு மாதங்களுக்குள், 2003 நவம்பரில் 5.8.2 வந்தது. இயல்பான நிலையில் பழைய கணக்கே நடக்கும். ஒரு பெட்டியில் ஐயத்துக்குரிய அளவில் நெரிசல் ஏற்பட்டால் மட்டும் தற்செயல் எண் சேர்த்து மறுபடி அடுக்கப்படும். தாக்குதலுக்கும் தடை, 5.8.0, 5.8.1 இரண்டோடும் இணக்கம். வாக்கு மீட்கப்பட்டது. அந்த வரிசை 2008 டிசம்பரில் 5.8.9 வரை நீண்டது.

என் பழைய கணினியில் பட்டியல் மாறாதிருந்ததற்கு இதுவே காரணம். 2013 மே மாதத்தில் வந்த 5.18.0, ஒவ்வொரு முறை நிரல் ஓடும்போதும் வரிசை மாறும்படி ஹேஷைத் திருத்தியமைத்தது. இம்முறை மாற்றம் நடு எண்ணில் வந்தது. மாற்றத்தை அறிவிக்க உரிய இடம் அது. மேலும், ஹேஷிலிருந்து சொற்கள் இந்த வரிசையில்தான் வரும் என்று பெர்லின் கையேடு ஒருநாளும் உறுதி கூறியதில்லை. நிரலை எழுதியவர் கண்ணால் கண்ட வழக்கத்தை விதியாக எடுத்துக்கொண்டார். இலக்கணம் சொல்லாததை வழக்கு விதியாக்கிவிடும் என்பதை மொழி படித்த நான் முன்னரே உணர்ந்திருக்க வேண்டும்.

மூன்றாம் எண்ணைக் காத்த இதே சமூகம் முதல் எண்ணில் தடுமாறியது. 2000 ஜூலையில் பெர்ல் 6 அறிவிக்கப்பட்டது. அது முற்றிலும் வேறொரு மொழியாக வளர்ந்து, 2015 டிசம்பரில்தான் வெளிவந்தது; 2019இல் ராக்கு என்று பெயர் மாறியது. அத்தனை ஆண்டுகளும் ஆறு என்னும் எண் எதிர்காலத்திற்கென ஒதுக்கப்பட்டிருந்ததால், உயிரோடு வளர்ந்துகொண்டிருந்த ஐந்து பழையதாகத் தோன்றியது. 2020இல் பெர்ல் 7 என்றொரு திட்டம் அறிவிக்கப்பட்டுப் பின்னர் கைவிடப்பட்டது. பி.எச்.பி. மொழிக்கும் இதே அனுபவம்: ஒருங்குறியை அடித்தளமாக்க முயன்ற ஆறாம் பதிப்பு நிறைவேறாமற்போய், ஐந்திலிருந்து ஏழுக்குத் தாவினர். எண்ணை முன்கூட்டி அறிவிப்பது எளிது; வரும் எண்ணுக்காக வந்த எண்ணைக் குறைவாக மதிக்கும் நிலை வந்தால், அதைத் திருத்த எந்த ஒட்டும் உதவுவதில்லை. பெர்ல் 5இன் முதல் எண் உறைந்து நிற்க, 2010 முதல் ஆண்டுதோறும் நடு எண்ணை உயர்த்திப் புதிய பதிப்பு வருகிறது.

முதல் எண் முறிவுக்கு, நடு எண் புதுமைக்கு, மூன்றாம் எண் ஒட்டுக்கு என்று வகுத்துச் சொல்லும் ‘செமாண்டிக் வெர்ஷனிங்’ என்னும் நெறி டாம் பிரஸ்டன்-வெர்னர் எழுதியது, அதன் 2.0.0 பதிப்பு 2013இல் வந்தது. அங்கும் மூன்றாம் எண்ணின் பெயர் ‘பேட்ச்’தான். 1985இல் மொழியியல் பயின்ற ஒருவர் தம் கருவிக்கு இட்ட பெயரும் அதுவே.

என் நிரலை ஒரே வரியில் திருத்தினேன்: எண்ணிக்கை சமமானால் தமிழ் அகரவரிசைப்படி அடுக்கு. இனி எந்தப் பதிப்பில் ஓடினாலும் ஐந்நூறாவது சொல் ஒன்றே. ஆய்வு நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். சீவக சிந்தாமணியை மேற்கோள் காட்டும்போது உ.வே.சாமிநாதையர் பதிப்பு என்று மட்டும் எழுதி நிறுத்துவதில்லை. 1887இன் முதற்பதிப்பா, பின்வந்த பதிப்பா என்று குறிக்கிறோம், பாடபேதம் உண்டு என்பதனால். நம் ஆய்வேடுகளின் எண்ணிக்கைகளைத் தந்த நிரலுக்கும் பதிப்பு உண்டு. அதனையும் எழுதுவோம், மூன்றாம் எண் உட்பட.